அமைவிடத்தின் அரசியல்: குறைகடத்தித் தொழிற்சாலைகளை முன்னிறுத்தி ஒரு விவாதம்

2020ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து உலகின் பெரும் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் பல, சில டொலர் பெறுமதியான சில்லுகள் கிடையாமையால் வாரக்கணக்கில் மூடப்பட்டுக் கிடந்தன. அவ்வனுபவத்தின் பின்னர் வலிமைமிக்க அரசுகள் யாவும் ஏறத்தாழ ஒரே முடிவுக்கு வந்தன. குறைகடத்திச் சில்லுகளைத் தத்தம் நாட்டிலேயே உற்பத்தி செய்தல் வேண்டும் என்பதே அம்முடிவு. இந்தியா 2021 டிசெம்பரில் 76,000 கோடி ரூபாவை இதற்கென ஒதுக்கியது. ஐக்கிய அமெரிக்கா 2022 ஓகஸ்டில் இயற்றிய சட்டத்தின்மூலம் 5,270 கோடி டொலரை ஒதுக்கியது. அதில் 3,900 கோடி டொலர் உற்பத்திக்கான மானியமாகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2023 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. யப்பானும் பெருந்தொகையை இத்துறையில் இட்டது. சந்தையின் சுதந்திரத்தையே வேதமாக ஓதிவந்த அரசுகள், அரசின் பணத்தைக் கொண்டு தொழிற்சாலை கட்ட முன்வந்தமை கவனத்திற்குரியது.

ஆயின், "எங்கே அமைப்பது?" என்ற வினாவுக்கு விடைகாணும் பொறுப்பை இவ்வரசுகளுட் பல கம்பனிகளிடமே விட்டுவிட்டன. மாநிலமும் மாநிலமும், நாடும் நாடும் தம்முட் போட்டியிட்டு, நிலம், நீர், வீதி, வரிவிலக்கு, ரொக்கப் பணம் என்பவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தன. அவற்றை ஒப்புநோக்கித் தமக்கு வாய்ப்பானதைக் கம்பனிகள் தெரிந்தெடுத்தன. சாதாரண ஏலத்திலே பொருளைப் பெறுபவன் பணத்தைக் கொடுப்பான். இந்த ஏலத்திலோ பொருளைக் கொடுப்பவர்களே பணத்தையும் கொடுத்தார்கள்.

இம்முறை அடிப்படையிலேயே பிழையானது. குறைகடத்தித் தொழிற்சாலைக்குரிய அமைவிடம் பணங் கொடுத்துப் பெறப்படுவதன்று; நீண்டகாலப் பொதுமுயற்சியினால் ஆக்கப்படுவது. அவ்வாறு ஆக்கப்படாத இடத்திலே கொட்டப்படும் மானியம் மக்களின் பணத்தை ஆபத்துக்கு உள்ளாக்குவதோடு, அவர்களுடைய நிலத்தையும் நீரையும் தொலைதூரத்திலுள்ள ஓர் இயக்குநர் சபையின் இலாபநட்டக் கணக்கோடு பிணைத்துவிடுகின்றது. அண்மைக்கால நிகழ்ச்சிகளும் அவற்றுக்கு முந்திய அரை நூற்றாண்டு வரலாறும் இதனையே காட்டுகின்றன.

தொழிலின் இயல்பு

ஆடைத் தொழிற்சாலை ஒன்றை ஓரிடத்திலிருந்து கழற்றி இன்னோரிடத்திற் பூட்டலாம். தையற்பொறியும் மின்சாரமும் குறைந்த கூலிக்கு உழைக்கும் கைகளும் உள்ள எந்த ஊரும் அதற்குப் பொருந்தும். சில்லு உற்பத்தி அத்தகையதன்று. சிலிக்கன் தட்டொன்று முழுமையான சில்லுகளாக வெளிவருவதற்கு நூற்றுக்கணக்கான படிகளைக் கடக்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் செல்லும். அதிநவீன சில்லுகளின் மின்சுற்றுக் கோலங்கள் மிகக் குறுகிய அலைநீளமுடைய கழியூதாக் கதிரினாற் பதிக்கப்படுகின்றன. அக்கதிர்ப் பொறியை உலகில் நெதர்லாந்துக் கம்பனி ஒன்றே செய்து விற்கின்றது. தூசு ஒன்று வீழ்ந்தாற் சில்லு பழுதாகும். நிலம் அதிர்ந்தாற் கோலம் பிறழும். மின்சாரம் ஒரு கணம் தடைப்பட்டால் உற்பத்தியில் இருக்கும் தட்டுக்கள் பல கழிவாகும். 2021 பெப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தைத் தாக்கிய பனிப்புயலின்போது ஒஸ்ரின் நகரிலுள்ள சாம்சங் தொழிற்சாலைக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. அது வழமைக்குத் திரும்ப ஒரு மாதத்திற்கு மேற் சென்றது.

தட்டுக்களைக் கழுவுவதற்கு, குடிநீரைக் காட்டிலும் பன்மடங்கு தூயதாக்கப்பட்ட நீர் நாள்தோறும் பெருமளவில் வேண்டும். நச்சு வாயுக்களையும் அமிலங்களையும் உரிய தூய்மையோடு வழங்குவோரும் பொறிகளைப் பழுதுபார்ப்போரும் அண்மையில் இருத்தல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஆயிரக்கணக்கான அளவீடுகளிலிருந்து பழுதின் காரணத்தைக் கண்டறியும் பொறியியலாளரும் பல்லாண்டுப் பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளரும் இன்றியமையாதோர். நூற்றுக்கு எத்தனை சில்லுகள் பழுதின்றி வெளிவருகின்றன என்பதே இத்தொழிலின் இலாபத்தைத் தீர்மானிப்பது. அந்த விகிதத்தை உயர்த்தும் அறிவு நூலகத்தில் மட்டும் உள்ளதன்று. சேர்ந்து உழைத்தோரின் அனுபவத்தில் உள்ளது. அமைவிடம் என்னும்போது இந்த மனிதக் கூட்டத்தையும் சேர்த்தே கருதுதல் வேண்டும். வரைபடத்தில் இடப்படும் புள்ளி அதில் ஒரு சிறு பகுதியே.

ஏலத்தின் விளைவுகள்

"எந்த இடம் சிறந்தது என்பதைக் கம்பனியே நன்கறியும், அரசின் கடமை கதவைத் திறந்து விடுவதே" என்று மானியவாதிகள் கூறுவர். இக்கூற்று எவ்வளவு உண்மையானது என்பதைப் பின்வரும் நிகழ்ச்சிகள் புலப்படுத்தும்.

ஜேர்மனியின் மாக்டபேர்க் நகரில் 1,700 கோடி யூரோ செலவில் இரு தொழிற்சாலைகளை அமைக்கப்போவதாக 2022 மார்ச்சில் இன்டெல் கம்பனி அறிவித்தது. செலவு கூடுகின்றது என்று கூறி அது கூடிய மானியத்தைக் கேட்டது. 2023 யூனில், 3,000 கோடி யூரோ முதலீட்டிற்கு ஏறத்தாழ 990 கோடி யூரோ மானியம் வழங்க அரசு இணங்கியது. உருவாகுமென எதிர்பார்க்கப்பட்ட நிரந்தர வேலைகள் சுமார் 3,000. அதாவது வேலை ஒன்றிற்கு 33 இலட்சம் யூரோ. தெரிந்தெடுக்கப்பட்ட நிலமோ ஜேர்மனியின் மிக வளமான விளைநிலப் பரப்புக்களுள் ஒன்றைச் சேர்ந்தது. 2024 செப்டெம்பரில் அத்திட்டம் இரண்டாண்டுகள் பின்போடப்பட்டது. 2025 யூலையில் முற்றாகக் கைவிடப்பட்டது. கம்பனியின் வருமானம் வீழ்ந்தது. அதற்கு மறுதாக்கமாக ஒரு நகரத்தின் எதிர்காலத் திட்டமும் வீழ்ந்தது. மானியம் கைமாறவில்லை என்று ஆறுதல் கூறுவோர், அந்த நம்பிக்கையில் மூன்றாண்டுகள் வேறு வழி நாடாது காத்திருந்த நகரத்தின் இழப்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலும் அதே கம்பனி 2022 சனவரியில் 2,000 கோடி டொலர்த் திட்டத்தை அறிவித்தது. சுமார் ஆயிரம் ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டது. மாநிலம் ஏறத்தாழ 200 கோடி டொலர் பெறுமதியான ஊக்குவிப்புக்களை முன்வந்து அளித்தது. 2022 செப்டெம்பரில் நாட்டின் சனாதிபதியே நேரில் வந்து கலந்துகொண்ட வைபவத்தில் நிலம் அகழப்பட்டது. 2025இல் உற்பத்தி தொடங்கும் என்று கூறப்பட்டது. அந்த ஆண்டு பிறந்ததும், 2030க்கு முன்னர் உற்பத்தி இல்லை என்று கம்பனி அறிவித்தது. அதே 2025 ஓகஸ்டில் அமெரிக்க அரசு 890 கோடி டொலரை முன்னிட்டு அக்கம்பனியின் பங்குகளில் ஏறத்தாழ பத்திலொன்றைத் தனதாக்கிக்கொண்டது. மானியத்திற்குப் பதிலாகப் பொதுமக்களுக்குப் பங்கு வேண்டும் என்ற கோரிக்கையைச் சமதர்மவாதம் என்று எள்ளி நகையாடிய நாட்டில், நெருக்கடி வந்ததும் அதுவே நடந்தேறியது. முன்கூட்டியே சட்டத்தின்மூலம் நிபந்தனையாக்கப்பட வேண்டியது, பின்னர் ஆட்சித்தலைவரின் பேரமாக முடிந்தது.

இவற்றுக்கு முன்னோடியாக விஸ்கொன்சின் மாநிலத்தில் நிகழ்ந்ததும் மனங்கொள்ளத்தக்கது. அங்கு அமையவிருந்தது சில்லுத் தொழிற்சாலையன்று. திரவப் பளிங்குத் திரைகளைச் செய்யும் தொழிற்சாலை. எனினும் ஏலத்தின் தன்மை ஒன்றே. 2017இல் பொக்ஸ்கொன் கம்பனி 1,000 கோடி டொலர் முதலீட்டையும் 13,000 வேலைகளையும் வாக்களித்தது. மாநிலம் ஏறத்தாழ 300 கோடி டொலர்ச் சலுகையை வாக்களித்தது. தொழிற்சாலைக்கென வீடுகள் வாங்கப்பட்டு இடிக்கப்பட்டன. 2021இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது முதலீடு 67.2 கோடி டொலராகவும் வேலைகள் 1,454 ஆகவும் குறைந்திருந்தன. வாக்குறுதி சுருங்கியது. இடிக்கப்பட்ட வீடுகள் மீளவில்லை.

ஆக்கப்பட்ட இடங்கள்

இத்தொழில் வேரூன்றிய இடங்களை நோக்கின் வேறொரு காட்சி தெரிகின்றது. மாக்டபேர்க் கைவிடப்பட்ட அதே ஜேர்மனியில், டிரெஸ்டன் நகரில், தாய்வான் குறைகடத்தி உற்பத்திக் கம்பனி மூன்று ஐரோப்பியக் கம்பனிகளோடு கூட்டுச் சேர்ந்து 1,000 கோடி யூரோவுக்கு மேற்பட்ட செலவில் அமைக்கும் தொழிற்சாலையின் கட்டடவேலை 2024 ஓகஸ்டில் ஆரம்பமாயிற்று. அங்கும் 500 கோடி யூரோ மானியம் உண்டு; எனவே வேறுபாடு மானியத்தில் இல்லை. 1961இல், அன்றைய கிழக்கு ஜேர்மனியில், வேர்ணர் ஹார்ட்மன் என்ற பௌதிகவியலாளரின் தலைமையில் நுண்ணிலத்திரனியல் ஆய்வகம் ஒன்று டிரெஸ்டனில் நிறுவப்பட்டது. 1974இல் உளவுத்துறையின் சந்தேகத்திற்கு ஆளாகி ஹார்ட்மன் பதவி நீக்கப்பட்டார். அவ்வரசின் கொடுமைகள் மறைக்கப்பட வேண்டியவை அல்ல. ஆயினும் ஆய்வகமும் தொழிற்சாலைகளும் தொழில்நுட்பக் கல்வியும் மூன்று தசாப்தங்களில் அந்நகரில் ஒரு தொழிலாளர் மரபை உருவாக்கின. அரசு வீழ்ந்த பின்னரும் மரபு எஞ்சியது. தொண்ணூறுகளில் சீமென்ஸ், ஏ.எம்.டி. ஆகிய கம்பனிகள் அங்கு வந்தமைக்கு அதுவே ஆதாரம். இன்றைய கூட்டுத் தொழிற்சாலையில் பங்கு வகிக்கும் ஐரோப்பியக் கம்பனிகளுட் சில அந்நகரிலேயே தொழிற்சாலை நடத்துவன.

யப்பானின் கியூஷுத் தீவு இன்னொரு சான்று. அறுபதுகளின் பிற்பகுதியிலிருந்தே அங்கு குறைகடத்தித் தொழிற்சாலைகள் அமைந்துவந்தன. குமமோட்டோவில் சோனி கம்பனியின் தொழிற்சாலைக்கு அருகே தாய்வான் கம்பனியின் தொழிற்சாலை 2022 ஏப்பிரலில் தொடங்கப்பட்டு 2024 பெப்ரவரியில் திறக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள்கூடச் செல்லவில்லை. பொறி செய்வோரும் இரசாயனம் வழங்குவோரும் சில்லை வாங்குவோரும் ஏற்கெனவே அங்கு இருந்தனர்.

அமெரிக்காவின் அரிசோனாவை இதற்கு மறுப்பாகக் காட்டுவோர் உளர். பாலைவனத்தில் பணத்தைக் கொட்டித் தொழிற்சாலையை எழுப்பவில்லையா என்பது அவர்களது வினா. பீனிக்ஸ் நகரம் வெறும் பாலைவனமன்று. மோட்டொரோலா கம்பனி 1949இலேயே அங்கு ஆய்வுகூடம் அமைத்தது. 1980இலிருந்து இன்டெல் அயலிலுள்ள சான்ட்லரில் உற்பத்தி செய்துவருகின்றது. தாய்வான் கம்பனி 2020இல் தெரிந்தெடுத்தது எழுபது ஆண்டுக்காலம் உழுது பண்படுத்தப்பட்ட நிலத்தை. அத்தகைய இடத்திலும் 2024இல் தொடங்க வேண்டிய உற்பத்தி, தேர்ச்சிபெற்ற தொழிலாளர் போதாமையால் 2025 வரை பிந்தும் என்று 2023 யூலையில் அறிவிக்கப்பட்டது. தாய்வானிலிருந்து தொழிலாளர் வரவழைக்கப்பட்டபோது தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. 2023 டிசெம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. 2024இன் இறுதியில் உற்பத்தி தொடங்கிற்று. பண்பட்ட நிலத்திலேயே இத்தனை இடர் எனின், வெற்றுநிலத்தைப் பற்றிக் கூறவேண்டியதில்லை.

தாய்வானின் சிஞ்சு நகரமே இவை யாவற்றுக்கும் மூலபாடமாகும். சிங் குவா, சியாவோ துங் என்னும் இரு பல்கலைக்கழகங்கள் ஐம்பதுகளில் அங்கு மீள நிறுவப்பட்டன. 1973இல் அரசு கைத்தொழில் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவகத்தை அமைத்தது. 1976இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பனியோடு தொழில்நுட்ப உடன்படிக்கை செய்து இளம் பொறியியலாளர் குழுவொன்றைப் பயிற்சிக்கு அனுப்பியது. 1980 டிசெம்பரில் அறிவியற் பூங்கா திறக்கப்பட்டது. 1987இல், அரசே பெரும் பங்காளியாக நின்று, மொரிஸ் சாங் தலைமையில் இன்று உலகின் முதன்மை பெற்றுள்ள கம்பனியை உருவாக்கிற்று. பல்கலைக்கழகம் முதலில், ஆய்வு நிறுவகம் அடுத்து, பயிற்சி அதன்பின், பெருந்தொழிற்சாலை இறுதியில். இன்றைய மானியவாதிகள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, தொழிற்சாலையை முதலில் நட்டு, கல்வியும் தேர்ச்சியும் அதன் நிழலில் தாமே முளைக்கும் என்று எதிர்பார்க்கின்றனர்.

பின்தங்கிய பிரதேசங்கள் பற்றிய வாதம்

இவ்விடத்து ஒரு நியாயமான மறுப்பு எழும். உள்ளவனுக்கே மேலும் கொடுப்பதாயின், பின்தங்கிய பிரதேசங்கள் என்றும் பின்தங்கியேயிருக்க வேண்டுமா? இவ்வினாவைத் தட்டிக்கழித்தல் ஆகாது. ஆயின் அதற்குத் தொழிற்சாலையைக் கொண்டுபோய் வைத்துவிடுவது விடையாகாது என்பதற்கு நியூ மெக்சிக்கோவில் நவஹோ பழங்குடியினரின் நிலத்திலுள்ள சிப்றொக் சான்று பகரும்.

1965இல் பெயார்சைல்ட் குறைகடத்திக் கம்பனி அங்கு தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கியது. அரசின் ஊக்குவிப்பும் பழங்குடி மன்றத்தின் ஒத்துழைப்பும் அதற்கு இருந்தன. சில ஆண்டுகளில் ஆயிரத்திற்கு மேற்பட்ட நவஹோ மக்கள், பெரும்பாலும் பெண்கள், அங்கு சில்லுகளைப் பொருத்தினர். கம்பனியின் வெளியீடொன்று சில்லின் கோலத்தை அவர்களுடைய பாரம்பரியக் கம்பளக் கோலத்தோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தது. ஒரு இனத்தின் கலைமரபு, மலிவான கூலியை நியாயப்படுத்தும் விளம்பரமாயிற்று. 1975இல் பலர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர்; அதனை எதிர்த்து ஆயுதந்தாங்கிய பழங்குடி இயக்கத்தினர் தொழிற்சாலையை ஒரு வாரம் கைப்பற்றி வைத்திருந்தனர். கம்பனி கதவை மூடிவிட்டுச் சென்றது. பத்தாண்டுகள் உழைத்த பெண்களிடம் விரல்களின் வேகம் மட்டுமே எஞ்சியது. வடிவமைப்பறிவோ முகாமைப் பொறுப்போ அவர்களுக்குக் கிட்டவில்லை. சில்லைப் பொருத்துவது வேறு. சில்லை உருவாக்குவது வேறு. முன்னதை வைத்துக்கொண்டு பின்னது வந்துவிட்டதாகப் பறைசாற்றுவது எல்லாக் காலத்தும் நிகழும் ஏமாற்று.

பின்தங்கிய பிரதேசத்திற்கு நீதி வழங்க விரும்பும் அரசு அங்கு முதலில் பொறியியற்பீடத்தையும் தொழில்நுட்பக் கல்லூரியையும் ஆய்வுகூடத்தையும் அமைத்தல் வேண்டும். அதன் பலன் ஒரு தேர்தற்காலத்துள் கிட்டாது. மெய்யான தடையும் அதுவே.

நீரும் நிலமும்

அமைவிடத் தெரிவில் அதிகம் பேசப்படாதோர் அயலிலுள்ள கமக்காரரும் தொழிற்சாலைக்குள் உழைப்போருமே. 2020இல் தாய்வானைச் சூறாவளி எதுவும் தாக்கவில்லை. அதனால் 2021இல் அரை நூற்றாண்டு காணாத வரட்சி ஏற்பட்டது. பெரும்பரப்பு வயல்களுக்கான நீர்ப்பாசனத்தை அரசு நிறுத்தி நட்டஈடு வழங்கியது. சில்லுத் தொழிற்சாலைகளுக்கு பவுசர்களில் நீர் சென்றது. ஒரே வாய்க்காலின் நீர் யாருக்குரியது என்ற வினா எழுந்தபோது, அரசின் விடை ஐயத்திற்கிடமின்றி வெளிப்பட்டது.

இது தவிர்க்கமுடியாத விதியன்று. குமமோட்டோ நகரம் தன் குடிநீர் முழுவதையும் நிலத்தடியிலிருந்தே பெறுகின்றது. அங்குள்ள சோனி தொழிற்சாலை 2003 முதல் அயலிலுள்ள கமக்காரருடன் இணங்கி, பயிரில்லாக் காலத்தில் வயல்களில் நீரைத் தேக்கி நிலத்துள் இறங்கச் செய்யும் பணிக்குப் பணம் வழங்கிவருகின்றது. ஒரு நாட்டில் சில்லுக்காக வயல் வரண்டது. இன்னொரு நாட்டில் சில்லுக்காகவே வயலில் நீர் நின்றது. தொழில் ஒன்றே. வேறுபட்டவை உள்ளூர்ச் சமூகத்தின் வலிமையும் நிபந்தனைகளுமே.

மாசு பற்றிய வரலாறு மேலும் கசப்பானது. "தூய கைத்தொழில்" என்று போற்றப்பட்ட இத்தொழிலின் பிறப்பிடமான கலிபோர்னியாவின் சான்ரா கிளாரா மாவட்டத்தில், 1981இல், நிலத்தடித் தாங்கியிலிருந்து கரைப்பான் கசிந்து குடிநீர்க் கிணற்றில் கலந்தமை வெளிப்பட்டது. தேசிய ரீதியில் மிக மோசமாக மாசுற்ற இடங்களென அமெரிக்க அரசு பட்டியலிட்டவற்றில் 23 இடங்கள் அம்மாவட்டத்துக்குரியவை. வேறெந்த மாவட்டத்திலும் இத்தனை இல்லை. தென் கொரியாவில் சில்லுத் தொழிற்சாலைகளில் உழைத்த இளந்தொழிலாளர் பலர் இரத்தப் புற்றுநோயால் மாண்டனர். குடும்பத்தினரின் நீண்ட போராட்டத்தின் பின்னர் 2018இல் சாம்சங் பகிரங்கமாக மன்னிப்புக் கோரியது. இந்த அனுபவங்களை அறிந்த பின்னரும், சுற்றாடல் ஆய்வை "முதலீட்டிற்குத் தடை" என்று வருணிப்போர் அறியாமையால் அவ்வாறு கூறுகின்றனர் எனக் கொள்ளமுடியாது.

தெற்காசியாவிற்குரிய படிப்பினை

இந்தியா மொகாலியில் அமைத்த அரச குறைகடத்தித் தொழிற்சாலை 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது. தாய்வானின் பெருங்கம்பனி பிறப்பதற்கு மூன்றாண்டுகள் முன்னதாகவே இது நிகழ்ந்தது. 1989 பெப்ரவரியில் தீ அத்தொழிற்சாலையை அழித்தது. தீயைவிடப் பெருங்கேடு அதன் பின்னரான நீண்ட அலட்சியமே. மீண்டெழுந்தபோது உலகம் பல தலைமுறைகள் முன்சென்றிருந்தது. அதே காலத்தில், 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பனி காலடி வைத்த பெங்களூரில், பொறியியற் கல்லூரிகளின் துணையோடு சில்லு வடிவமைப்புத் துறை ஆழ வேர்விட்டது.

ஆயினும் 2022இல் இந்தியாவிற் கேட்டது ஏலத்தின் மணியோசையே. மகாராட்டிரத்தில் அமையும் என்று எதிர்பார்க்கப்பட்ட வேதாந்தா-பொக்ஸ்கொன் திட்டம் அவ்வாண்டு செப்டெம்பரில் குஜராத்துக்கு மாறியது. இரு மாநிலங்களின் அரசியல்வாதிகளும் மாதக்கணக்கிற் சொற்போர் புரிந்தனர். 2023 யூலையில் பொக்ஸ்கொன் விலகிற்று. கிடைக்காத ஒன்றுக்காகவே அப்போர் நிகழ்ந்தது. பின்னர் 91,000 கோடி ரூபாத் திட்டமொன்று டாட்டா குழுமத்தினால் குஜராத்தின் தொலேராவில் தொடங்கப்பட்டு, 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. காம்பே வளைகுடாவின் உவர்நிலத்தில் புதிதாகத் திட்டமிடப்பட்ட நகரம் அது. தொழில்நுட்பம் தாய்வான் கம்பனியொன்றினுடையது. அங்கு சில்லு விளையுமா என்பதைவிட, அச்சில்லை விளைவிக்கும் மனிதரின் இரண்டாந் தலைமுறை அங்கேயே விளையுமா என்பதே உரைகல்.

இலங்கைக்கும் இவ்வரலாற்றில் ஒரு பக்கம் உண்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் மோட்டொரோலா, ஹரிஸ் ஆகிய இரு அமெரிக்கக் கம்பனிகள் கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயத்தில் இலத்திரனியற் பாகங்களைப் பொருத்தும் தொழிற்சாலைகளை அமைக்க முன்வந்திருந்தன. 1983 யூலை வன்செயல்களின் பின்னர் அம்முயற்சி கைவிடப்பட்டது. 1972இல் இன்டெல் காலடி வைத்த பினாங்கு அடைந்த நிலையைக் கட்டுநாயக்கா அடைந்திருக்கும் என்று இதனைக்கொண்டு சிலர் பெருமூச்செறிவர். அது முழு உண்மையன்று. பினாங்கு அரை நூற்றாண்டின் பின்னரும் பெரும்பாலும் பொருத்துதல், சோதித்தல் என்னும் படிகளிலேயே நிற்கின்றது. எனினும் அந்நிகழ்ச்சி கூறும் உண்மை ஆழமானது. வலயத்தின் வேலியும் வரிவிடுமுறையும் மாறாதிருந்தன. எரிந்தவை நாட்டின் ஏனைய பகுதிகளே. உயிருக்கு உறுதியில்லாத இடத்தில், ஆண்டுக்கணக்கில் அமைதியும் ஒத்துழைப்பும் வேண்டும் தொழில் அமையாது. அன்றும் அதன் பின்னரும் நாட்டை விட்டுச் சென்ற பொறியியலாளரும் விஞ்ஞானிகளும் எந்த மானியத்தினாலும் ஈடுசெய்யப்பட முடியாதவர்கள். ஓர் இடத்தை ஆக்கப் பல தசாப்தங்கள் வேண்டும். அழிக்க ஒரு கிழமை போதும் என்பதை இந்நாட்டவரைவிட நன்கறிந்தோர் இலர்.

செய்யத்தக்கவை

உள்நாட்டிலே சில்லு உற்பத்தி வேண்டாம் என்பது மேற்கூறியவற்றின் முடிபன்று. உலகின் அதிநவீன சில்லுகளிற் பெரும்பகுதி ஒரு தீவிலிருந்து வரும் நிலை எவருக்கும் நன்மையன்று. அத்தீவு மக்களுக்கும் அது முழுப் பாதுகாப்பன்று. அரசு தலையிட வேண்டும் என்பதிலும் ஐயமில்லை. தலையீட்டின் முறையே விவாதத்திற்குரியது.

முதலாவது, மாநிலங்களுக்கிடையிலான ஏலம் நிறுத்தப்படல் வேண்டும். எத்தகைய இடத்திற்கு மானியம் உண்டு என்பதைத் தேசிய அளவில் பகிரங்கமாக வகுத்த பின்னரே கம்பனிகளோடு பேசுதல் வேண்டும். இரண்டாவது, தொழிற்சாலைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு, அத்தொழிற்சாலை எழுவதற்கு முன்னரே, அவ்விடத்தின் பல்கலைக்கழகத்திற்கும் தொழில்நுட்பக் கல்லூரிக்கும் சிறு வழங்குநருக்கும் செல்லல் வேண்டும். கம்பனி போய்விட்டாலும் அவை எஞ்சும். மூன்றாவது, பொதுப்பணம் புகும் இடத்தில் பொதுமக்களுக்குப் பங்கும், வாக்குத் தவறினால் பணத்தை மீளப்பெறும் உரிமையும் ஒப்பந்தத்திலேயே எழுதப்படல் வேண்டும். நான்காவது, நீர்க்கணக்கும் இரசாயனங்களின் பட்டியலும் தொழிலாளரின் உடல்நல அறிக்கையும் வணிக இரகசியம் என்ற போர்வைக்குள் மறைக்கப்படலாகாது.

இவை காலத்தை இழுத்தடிக்கும் என்று மானியவாதிகள் கூறுவர். காலத்தை மிச்சப்படுத்திய மாக்டபேர்க்கில் தொழிற்சாலை இல்லை. ஒகையோவில் 2030க்கு முன்னர் சில்லு இல்லை. 1961இல் ஓர் ஆய்வகத்தோடு தொடங்கிய டிரெஸ்டனில் கட்டடம் எழுகின்றது. தேர்தலுக்குத் தேர்தல் அடிக்கல் தேடும் அரசியல், கல்லை நட்டபின் மண்ணைப் பற்றிச் சிந்திப்பதில்லை. அம்மண்ணைப் பண்படுத்தும் வேலையைத் தொடங்கவேண்டிய இடங்களுள் முதன்மையானது பல்கலைக்கழகம். அதனைப் புறந்தள்ளி நிலத்தையும் ரொக்கத்தையும் மட்டும் எண்ணும் எந்த அரசும், சிலிக்கனுக்குப் பதிலாக மணலையே கொள்முதல் செய்ததாக முடியும்.